சுழற்சியின் இலக்கணம்

(கணினி விளையாட்டு நிரலாக்கம் பயிலும் மாணவரிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கேம் எஞ்சினுக்குள் இருக்கும் ஒரு பொருளை நிரல் எழுதிச் சுழற்றுவது எப்படி என்னும் விஷயத்தைப் பற்றிச் சில கருத்துக்களை உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன். திரையில் ஒரு நாணயம் சுழல்கிறது. ஒரு கதவு திறக்கிறது. கோட்டைச் சுவரின் மேலுள்ள பீரங்கி, ஓடுகின்ற வீரனை நோக்கித் தன் வாயைத் திருப்புகிறது. விண்கலம் ஒன்று புரண்டு, கவிழ்ந்து, மீண்டும் நிமிர்கிறது. ஆட்டத்தை ஆடுகின்ற சிறுவன் இவற்றைக் கண்டு வியப்பதில்லை. ஆனால் இவற்றை இயற்ற முற்படுகின்ற மாணவன், பொருளை இடம்பெயர்க்கும் வித்தையை ஒரே பொழுதில் கற்றுக்கொண்டுவிட்டு, அதைச் சுழற்றும் வித்தையில் மாதக்கணக்காகத் தடுமாறுகிறான் என்பதை ஆசிரியர்கள் அனைவரும் அறிவார்கள். எண்களைக் கூட்டியும் கழித்தும் பழகிய மனம் சுழற்சியையும் மூன்று எண்களாகக் கருதி, அவற்றையும் அவ்வாறே கூட்டவும் கழிக்கவும் தொடங்குவதே இத்தடுமாற்றத்திற்கு மூலகாரணம். சுழற்சியை ஒரு செயலாகக் கருத வேண்டும் என்பதும், அச்செயலை எந்த வரிசையில், எவருடைய அச்சைப் பற்றி, எவ்வளவு காலத்தில் செய்கிறோம் என்று கேட்டுப் பழகியவனுக்கு இத்துறையின் இடர்ப்பாடுகளில் பெரும்பாலானவை எழுவதேயில்லை என்பதும்தான் இன்று நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து.

இடப்பெயர்ச்சிக்கும் சுழற்சிக்கும் உள்ள பேதத்தை முதலில் தெளிவாகக் காண்போம். ஒரு பொருளை வலப்புறம் மூன்று அடியும் பிறகு மேல்நோக்கி இரண்டு அடியும் நகர்த்தினாலும், முதலில் மேல்நோக்கி நகர்த்திப் பிறகு வலப்புறம் நகர்த்தினாலும், அது வந்து சேரும் ஸ்தானம் ஒன்றே. ஆகவே இடத்தை மூன்று எண்களாக எழுதி, அவற்றை எந்த வரிசையில் கூட்டினாலும் பழுதில்லை. சுழற்சிக்கு இந்தச் சலுகை இல்லை. உங்கள் மேசையின் மேலிருக்கும் புத்தகத்தை, முகப்பட்டை மேலாகவும், தலைப்பக்கம் உங்களுக்கு அப்பாலும், முதுகு இடப்புறமாகவும் இருக்குமாறு வையுங்கள். இடவலமாகச் செல்லும் அச்சைப் பற்றி அதன் தூர விளிம்பை 90 டிகிரி உயர்த்தினால், புத்தகம் எழுந்து நின்று உங்களை நோக்கும். அந்நிலையில் அதைச் செங்குத்து அச்சைப் பற்றி, மேலிருந்து பார்ப்பவருக்குக் கடிகார முள் செல்லும் திசையில், 90 டிகிரி திருப்பினால், நின்ற கோலத்திலேயே இடப்புறத்தை நோக்கும். இப்போது பழைய நிலைக்கு மீண்டு, இவ்விரு செயல்களையும் வரிசை மாற்றிச் செய்யுங்கள். முதலில் திருப்பிப் பிறகு உயர்த்தினால், முதுகு வானத்தை நோக்க, தலைப்பக்கம் வலப்புறம் சாய, முகப்பட்டை உங்களைப் பார்த்தபடி புத்தகம் நிற்கக் காண்பீர்கள். செயல்கள் அவையே, கோணங்களும் அவையே. வரிசை ஒன்று மாறியதால் முடிவு முற்றிலும் மாறிவிட்டது. இந்த ஒரு பரிசோதனையை உள்ளத்தில் பதித்துக்கொண்டவன், சுழற்சிகளைக் கூட்டல் குறியால் இணைக்க ஒருபோதும் துணிய மாட்டான்.

ஆனாலும் சுழற்சியை மூன்று எண்களால் எழுதும் வழக்கம் இன்றளவும் பெரும்பாலான எஞ்சின்களில் இருந்து வருகிறது. அவ்வழக்கத்திற்குப் பெயர் தந்தவர் 1707இல் பாசல் நகரில் பிறந்த லியோனார்ட் ஆய்லர் என்னும் கணித மேதை. கண்ணொளியை ஏறத்தாழ முற்றும் இழந்துவிட்ட முதுமைப் பருவத்தில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்து அவர் எழுதி 1776இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, ஒரு புள்ளி நிலையாக நிற்க ஒரு திடப்பொருள் எவ்வளவு சிக்கலாகப் புரண்டாலும், அதன் முதல் நிலையிலிருந்து இறுதி நிலைக்கு ஏதோ ஓர் அச்சைப் பற்றிய ஒரே சுழற்சியால் சென்றுவிடலாம் என்னும் உண்மையை நிரூபித்தது. இந்தச் சித்தாந்தம் நம் துறைக்கு அஸ்திவாரம் போன்றது. ஓர் அச்சு, ஒரு கோணம் என்னும் இவ்விரண்டும் தெரிந்தால் எந்தச் சுழற்சியையும் சொல்லிவிடலாம் என்று அது உறுதி கூறுகிறது. எனினும் மனிதக் கண்ணுக்கும் கைக்கும் எளிதாக இருப்பது, எக்ஸ், ஒய், இசட் என்னும் மூன்று அச்சுகளைப் பற்றி ஒவ்வொரு கோணமாகச் சொல்வதே. ஆய்லர் கோணங்கள் என்று வழங்கும் இம்மூன்றையும்தான், எஞ்சினின் பக்கப்பலகையில் சுழற்சி என்னும் தலைப்பின் கீழ் நீங்கள் காண்கிறீர்கள்.

மூன்று கோணங்களைச் சொன்னால் மாத்திரம் போதாது என்பதைப் புத்தகப் பரிசோதனை காட்டிவிட்டது. எந்த வரிசை என்றும் சொல்ல வேண்டும். 2005இல் டென்மார்க் தேசத்தின் கோபன்ஹேகன் நகரத்து இளைஞர்களால் வெளியிடப்பட்டு இன்று உலகெங்கும் பயிலப்படுகின்ற யூனிட்டி என்னும் எஞ்சின், முதலில் இசட், பிறகு எக்ஸ், கடைசியாக ஒய் என்னும் வரிசையில் இக்கோணங்களைப் பிரயோகிக்கிறது. வரிசையைப் போலவே ஒவ்வொரு எஞ்சினும் தனக்கென்று வேறு சில சம்பிரதாயங்களையும் வகுத்துக்கொண்டிருக்கிறது. யூனிட்டியில் ஒய் அச்சு வானத்தை நோக்குகிறது, இசட் அச்சு முன்னோக்குகிறது, அச்சுகளின் அமைப்பு இடக்கை விதியைப் பின்பற்றுகிறது. அன்ரியல் என்னும் எஞ்சினில் இசட் அச்சு வானத்தையும் எக்ஸ் அச்சு முன்பக்கத்தையும் நோக்குகின்றன. ஆர்ஜென்டினாவில் பிறந்து 2014இல் மூலநிரல் பொதுவுடைமையாக வெளியிடப்பட்ட கோடோ என்னும் எஞ்சினிலோ, ஒய் அச்சு வானத்தை நோக்கினாலும் அமைப்பு வலக்கை விதியைச் சார்ந்தது. கோடோவின் நிரலில் கோணங்களைப் பொதுவாக டிகிரியில் எழுதாமல் ரேடியனில் எழுத வேண்டும். ஆகவே ஓர் எஞ்சினில் எழுதிய கோணங்களை மற்றொன்றில் அப்படியே பெயர்த்து எழுதுகிறவன், அங்கே விபரீதமான கோலத்தில் கிடக்கும் பொருளைக் கண்டு மனம் கலங்க நேரிடும். எஞ்சின் எதுவாயினும், அதன் சம்பிரதாயம் இன்னதென்று முதல் நாளே தெரிந்துகொள்வது நிரலாசிரியனின் கடமை.

இனி நிரலுக்கு வருவோம். யூனிட்டியில் ஒவ்வொரு பொருளுக்கும் டிரான்ஸ்பார்ம் என்னும் அங்கம் ஒன்று உண்டு. இடம், சுழற்சி, பருமன் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். அதனிடம் ரொட்டேட் என்னும் கட்டளையை இட்டு, அச்சையும் கோணத்தையும் கொடுத்தால், பொருள் அவ்வளவு சுழலும். அக்கட்டளையை ஒவ்வொரு பிரேமிலும் ஒருமுறை இயங்குகின்ற அப்டேட் என்னும் பகுதியில் எழுதினால் பொருள் ஓயாது சுழன்றுகொண்டிருக்கும். இங்கேதான் காலம் பற்றிய கேள்வி எழுகிறது. பிரேமுக்கு ஒரு டிகிரி என்று எழுதிய நிரல், வினாடிக்கு 60 பிரேம் காட்டும் கணினியில் 60 டிகிரியும், 144 பிரேம் காட்டும் கணினியில் 144 டிகிரியும் பொருளைச் சுழற்றும். வசதியுள்ளவன் வீட்டில் வேகமாகவும் ஏழையின் பழைய கணினியில் மெதுவாகவும் ஓடுகின்ற ஆட்டத்தை நியாயமான ஆட்டம் என்று எவரும் சொல்லமாட்டார். இதற்குப் பரிகாரம், வேகத்தை வினாடிக்கு இத்தனை டிகிரி என்று வைத்துக்கொண்டு, அதைச் சென்ற பிரேமிலிருந்து இந்தப் பிரேம் வரை கழிந்த காலத்தால் பெருக்குவதே. டைம்.டெல்டாடைம் என்னும் பெயரில் எஞ்சின் அக்காலத்தைத் தந்துகொண்டிருக்கிறது. வினாடிக்கு 90 டிகிரி என்று கொண்டால், 60 பிரேம் காட்டும் கணினியில் பிரேமுக்கு ஒன்றரை டிகிரியும், 30 பிரேம் காட்டும் கணினியில் மூன்று டிகிரியும் பொருள் சுழலும். வினாடியின் முடிவில் இரண்டிலும் அது ஒரே நிலையில் நிற்கும்.

பௌதிக விதிகளுக்கு உட்பட்ட பொருள்களின் விஷயம் சற்று வேறானது. ரிஜிட்பாடி என்னும் அங்கத்தைப் பெற்ற பொருளை, மோதலையும் உராய்வையும் கணிக்கின்ற பௌதிகப் பகுதி ஆள்கிறது. அப்பகுதி, திரையின் பிரேம்களைப் பொருட்படுத்தாமல், மாற்றியமைக்காத வரையில் 0.02 வினாடிக்கு ஒருமுறை என்னும் சீரான கதியில் இயங்குகிறது. அத்தகைய பொருளின் டிரான்ஸ்பார்மை நாம் நேராகப் பிடித்துத் திருப்பினால், இரண்டு எஜமானர்கள் ஒரே சமயத்தில் கட்டளை இடும் நிலை உண்டாகி, பொருள் நடுங்கவும் சுவரை ஊடுருவவும் தொடங்கும். பிக்ஸ்ட்அப்டேட் என்னும் பகுதியில் முறுக்குவிசை கொடுத்தோ, மூவ்ரொட்டேஷன் என்னும் கட்டளையின் வாயிலாகவோ சுழற்றுவதே முறை.

அடுத்த கேள்வி, எவருடைய அச்சு என்பது. ஒவ்வொரு பொருளுக்கும் தன்னோடு கூடவே திரும்புகின்ற சொந்த அச்சுகள் உண்டு. உலகத்திற்கோ என்றும் அசையாத அச்சுகள் உண்டு. யூனிட்டியின் ரொட்டேட் கட்டளை, வேறாகச் சொல்லாவிட்டால், பொருளின் சொந்த அச்சையே எடுத்துக்கொள்கிறது. இப்பேதத்தின் முக்கியத்துவத்தைப் பூகோளத்தின் மாதிரியொன்றை எஞ்சினில் அமைத்துப் பார்த்தால் நன்கு உணரலாம். பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால், கோளத்தை முதலில் அவ்வளவு சாய்க்கிறோம். பிறகு அதன் சொந்த ஒய் அச்சைப் பற்றிச் சுழற்றினால், சாய்ந்த அச்சு வானத்தில் ஒரே திசையைக் காட்டிக்கொண்டிருக்க, இரவும் பகலும் முறையாக மாறி மாறி வரும். அதே கோளத்தை உலகத்தின் ஒய் அச்சைப் பற்றிச் சுழற்றினாலோ, வடதுருவமே ஆகாயத்தில் வட்டமிடத் தொடங்கும். உண்மையான பூமியின் துருவம் அவ்வாறு ஒருமுறை வட்டமிட ஏறத்தாழ 26,000 ஆண்டுகள் ஆகின்றன; ஒரு சொல் பிழைபட்டதால் நம் மாதிரிப் பூமி அதை ஒவ்வொரு நாளும் செய்துகொண்டிருக்கும். வடதுருவத்திற்கு மேலிருந்து நோக்குவார்க்குப் பூமி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. யூனிட்டியின் இடக்கை விதிப்படி, ஒய் அச்சைப் பற்றிய நேர்க்கோணம் மேலிருந்து பார்க்கையில் கடிகார முள் திசையிலேயே செல்லும். எனவே சூரியன் கிழக்கே உதிக்க வேண்டுமானால் அங்கே எதிர்க்கோணம் கொடுக்க வேண்டும். கோடோவில் நேர்க்கோணமே பொருந்தும்.

அச்சின் திசையைப் போலவே அது செல்லும் இடமும் கவனத்திற்குரியது. பொருள் தன் மூலப்புள்ளியைப் பற்றியே சுழல்கிறது. கதவின் உருவத்தைச் செய்தவர் மூலப்புள்ளியைக் கதவின் நடுவில் வைத்திருந்தால், அது கீலைப் பற்றித் திறவாமல் நடுவிலேயே சுழலும். கீல் இருக்க வேண்டிய இடத்தில் உருவமற்ற வெறும் பொருள் ஒன்றை நிறுவி, கதவை அதற்குச் சேய்ப்பொருளாக்கி, தாய்ப்பொருளைத் திருப்பினால் கதவு இயல்பாகத் திறக்கும். ஆயின் தாய்ப்பொருளின் பருமன் மூன்று திசைகளிலும் சமமாக இராவிட்டால், திரும்புகின்ற சேய்ப்பொருளின் வடிவம் கோணலாகச் சிதையும் என்பதையும் மறக்கலாகாது.

இப்போது இவ்விஷயத்தின் சூட்சுமமான பகுதிக்கு வருகிறோம். ஆய்லர் கோணங்களை எஞ்சினுக்குச் சொல்வது தீங்கற்ற காரியம். அவற்றை எஞ்சினிடமிருந்து திருப்பி வாங்கி, அவற்றின் மேல் கணக்கிடுவதே துன்பங்களுக்கு வாயில். யூனிட்டி தன்னுள்ளே சுழற்சியை வேறொரு வடிவத்தில் வைத்துக்கொண்டு, நாம் கேட்கும்போது மாத்திரம் அதைக் கோணங்களாக மாற்றித் தருகிறது. ஒரே நிலையைக் குறிக்கக் கூடிய கோணத் தொகுதிகள் பல இருப்பதால், நாம் கொடுத்த தொகுதியே திரும்பி வரும் என்ற நியதி இல்லை. எக்ஸ் அச்சைப் பற்றி 100 டிகிரி என்று எழுதிவிட்டு மறுகணம் கேட்டால், 80, 180, 180 என்னும் மூன்று எண்கள் வந்து நிற்கும். அவை பிழையல்ல; அதே நிலைக்கு அவையும் ஒரு விவரணம். எதிர் 10 என்று எழுதியது 350 என்று திரும்பி வரும். கேமராவை மேல்நோக்கி 80 டிகிரிக்கு மிஞ்சாமல் தடுக்க வேண்டுமென்று, எஞ்சினிடம் கோணத்தைக் கேட்டு அதை 80உடன் ஒப்பிடுகிறவனுடைய நிரல் நிலைகுலைவது இதனாலேதான். இடவலக் கோணம் ஒன்றும் மேல்கீழ்க் கோணம் ஒன்றுமாக இரண்டு மாறிகளை நிரலாசிரியன் தானே வைத்துக்கொண்டு, சுட்டெலியின் அசைவை அவற்றிலே சேர்த்து, மேல்கீழ்க் கோணத்தை அங்கேயே எல்லைக்குள் அடக்கி, ஒவ்வொரு பிரேமிலும் அவற்றிலிருந்து சுழற்சியைப் புதிதாகக் கட்டி எஞ்சினிடம் ஒப்படைக்க வேண்டும். உண்மை நிலை நம்மிடம் இருக்க வேண்டும். எஞ்சின் அதைக் காட்டும் இடமாக மாத்திரம் இருக்க வேண்டும்.

ஆய்லர் கோணங்களின் மற்றொரு குறை இதனினும் ஆழமானது. கிம்பல் லாக் என்று அதற்குப் பெயர். யூனிட்டியின் வரிசையில் நடுவே நிற்கின்ற எக்ஸ் கோணம் 90 டிகிரியை எட்டும்போது, முதலில் நிற்கும் இசட் அச்சும் கடைசியில் நிற்கும் ஒய் அச்சும் ஒரே கோட்டில் வந்து சேர்ந்துவிடுகின்றன. அதன்பின் இவ்விரண்டில் எதைத் திருப்பினாலும் பொருள் ஒரே விதமாகவே திரும்பும். மூன்று வகையாகச் சுழலும் சுதந்திரத்தில் ஒன்று மறைந்துபோகும். பூகோளத்தின் வடதுருவத்தில் நிற்பவனுக்கு அட்சரேகை உண்டு, தீர்க்கரேகை என்ன என்ற வினா பொருளற்றுப் போவதை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். விண்வெளிப் பயணத்தின் சரித்திரத்தில் இக்குறை மெய்யான அபாயமாகவே இருந்தது. ஜெமினி விண்கலத்தின் திசைகாட்டும் மேடையைக் கிம்பல் எனப்படும் நான்கு வளையங்கள் தாங்கி நின்றன. பின்வந்த அப்பல்லோவில் எடையையும் சிக்கலையும் குறைப்பதற்காக மூன்று வளையங்களே வைக்கப்பட்டன. ஆகவே நடு வளையத்தின் கோணம் 70 டிகிரியைத் தாண்டினால் எச்சரிக்கை விளக்கு எரியும்படி செய்திருந்தார்கள். விமானிகள் சில திசைகளை நோக்கிக் கலத்தைத் திருப்பாமல் இருக்கும்படி சதா விழிப்போடிருக்க வேண்டியிருந்தது. 1969 ஜூலையில் சந்திரனைச் சுற்றிவந்த மைக்கேல் காலின்ஸ், கிறிஸ்துமஸ் பரிசாகத் தமக்கு நான்காவது வளையம் ஒன்றை அனுப்பலாகாதா என்று பூமியிலுள்ளோரிடம் வானொலியில் கேட்டது பிரசித்தமான செய்தி. மூன்று எண்களைக் கொண்டு எல்லாச் சுழற்சிகளையும் எங்கும் தடங்கலின்றி விவரிக்க எவராலும் இயலாது என்பதை, 1964இல் ஜான் ஸ்டூல்ப்நேகல் வெளியிட்ட கட்டுரை தெளிவாக எடுத்துக்காட்டியது. வரிசையை மாற்றினால் தடங்கல் வேறிடத்திற்குப் பெயருமே தவிர, ஒழியாது.

மூன்று எண்கள் போதாவென்றால் நான்கு எண்கள் வேண்டும். அந்த நான்கு எண்களைக் கண்டறிந்த வரலாறு கணித சாஸ்திரத்தின் ரம்மியமான அத்தியாயங்களுள் ஒன்று. அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் ரோவன் ஹாமில்ட்டன், மூன்று எண்களின் தொகுதிகளை ஒன்றோடொன்று பெருக்கவும் வகுக்கவும் வழி காண வேண்டுமென்று பல ஆண்டுகள் பாடுபட்டார்; வழி தோன்றவில்லை. 1843ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், டப்ளினிலுள்ள ராயல் ஐரிஷ் அகாடமியின் கூட்டத்திற்காக, தம் மனைவியுடன் ராயல் கால்வாயின் கரையோரமாக நடந்து சென்றபோது, நான்காவது எண் ஒன்றைச் சேர்த்து, பெருக்கலின் வரிசை மாறினால் விடையும் மாறலாம் என்று ஒப்புக்கொண்டால் எல்லாம் இசைந்துவிடும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் உதித்தது. அக்கணமே பேனாக் கத்தியை எடுத்து, அருகிலிருந்த பாலத்தின் கல்லிலே அந்த எண்களின் சமன்பாட்டைக் கீறினார். அக்கீறல் காலத்தால் அழிந்துவிட்டது. கணிதம் பயின்றவரும் அன்று அயர்லாந்தின் பிரதமராக விளங்கியவருமான ஈமன் டி வலேரா 1958இல் திறந்துவைத்த நினைவுக்கல் இன்றும் அவ்விடத்தில் இருக்கிறது. குவாட்டர்னியன் என்று ஹாமில்ட்டன் பெயரிட்ட அந்த எண்களுக்கும் சுழற்சிக்கும் உள்ள உறவை 1845இல் ஆர்தர் கெய்லி வெளியிட்டார். ஹாமில்ட்டனுக்கு மூன்றாண்டுகள் முன்பே, 1840இல், பிரெஞ்சுக் கணிதவியலார் ஒலின்ட் ராட்ரிகஸ், இரண்டு சுழற்சிகளை இணைப்பதற்கான விதிகளை அரைக்கோணங்களின் மூலம் வகுத்துவிட்டார் என்பதும் நன்றியோடு நினைக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிப்ஸ், ஹெவிசைட் என்னும் அறிஞர்கள் வளர்த்த வெக்டர் கணிதம் செல்வாக்குப் பெற்றதால் குவாட்டர்னியன்கள் வழக்கில் அருகின. 1985இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த சிக்ராப் மாநாட்டில் கென் ஷூமேக் அளித்த கட்டுரை, அவற்றைக் கணினிச் சித்திரங்களின் உலகத்திற்குள் கொண்டுவந்தது.

குவாட்டர்னியனின் உட்பொருளை ஆய்லரின் சித்தாந்தத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். எச்சுழற்சிக்கும் ஓர் அச்சும் ஒரு கோணமும் உண்டு என்று கண்டோம். கோணத்தில் பாதியை எடுத்து, அதன் கொசைனை நான்காவது எண்ணாக வையுங்கள், அதன் சைனால் அச்சின் மூன்று கூறுகளையும் பெருக்கி முதல் மூன்று எண்களாக வையுங்கள், அவ்வளவுதான். ஒய் அச்சைப் பற்றிய 90 டிகிரிச் சுழற்சி, 0, 0.7071, 0, 0.7071 என்று ஆகிறது. பாதிக் கோணம் ஏன் என்று வினவுவீர்களாயின், ஒரு புள்ளியைச் சுழற்றும்போது குவாட்டர்னியன் அதன் இடப்புறத்தில் ஒருமுறையும், அதன் நேர்மாறு வலப்புறத்தில் ஒருமுறையும் பெருக்கப்படுகின்றன. இரண்டு பாதிகள் சேர்ந்து முழுக் கோணமாகின்றன. இவ்வெண்களுள் எதுவும் டிகிரி அன்று. யூனிட்டி தன்னுள்ளே வைத்துக்கொள்வதாக முன்பு சொன்ன வடிவமும் இதுவே. டிரான்ஸ்பார்மின் ரொட்டேஷன் என்பதன் ஒய் கூறை எடுத்து, அதில் 0.7071 என்று கண்டு, பொருள் ஒரு டிகிரி கூடத் திரும்பவில்லையே என்று மயங்குகின்ற மாணவர் பலர். அதைவிட, அக்கூறை மட்டும் மாற்றி எழுதித் தொகுதியின் ஒருமைப்பாட்டையே குலைத்துவிடுவோரும் உண்டு. நான்கும் சேர்ந்து ஒரே பொருள் என்று கருதி, அவற்றைத் தனித்தனியே தொடாதிருப்பதே விவேகம்.

சுழற்சி ஒரு செயல் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இங்கே பூரண அர்த்தம் கிடைக்கிறது. குவாட்டர்னியன்களைப் பெருக்குவது செயல்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதாகும். பெருக்கலில் வலப்புறம் நிற்பது முதலில் நிகழ்கிறது. ஆகவே புதிய சுழற்சியைப் பழைய சுழற்சியின் இடப்புறத்தில் எழுதினால் அது உலக அச்சைப் பற்றியதாகிறது. வலப்புறத்தில் எழுதினால் பொருளின் சொந்த அச்சைப் பற்றியதாகிறது. வரிசை, எவருடைய அச்சு என்னும் இரண்டு வினாக்களுக்கும் ஒரே பெருக்கல் குறியின் இரு பக்கங்கள் விடையளிப்பதை எண்ணிப் பாருங்கள். ஹாமில்ட்டன் அந்தக் கால்வாய்க் கரையில் எந்த விதியைக் கைவிடத் துணிந்தாரோ, அந்த விதி இல்லாமையே நமக்கு உபகாரமாகிறது. சாதனத்தின் நோக்கிலும் இதற்குச் சிறப்பு உண்டு. சுழற்சியை அணியாக (மேட்ரிக்ஸ்) எழுதினால் ஒன்பது எண்கள் வேண்டும். ஏறத்தாழ ஏழு இலக்கங்களே துல்லியமாக நிற்கின்ற கணினி எண்களில் திரும்பத் திரும்பப் பெருக்கி வருகையில் சிறு பிழைகள் சேர்ந்து, அச்சுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும் தன்மையை இழக்கும். குவாட்டர்னியனிலோ, நான்கு எண்களையும் அவற்றின் நீளத்தால் வகுத்துவிட்டால் அது மீண்டும் கலப்பற்ற சுழற்சியாகிவிடும்.

ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு அழகாகத் திருப்புவதற்கும் குவாட்டர்னியனே தக்க கருவி. ஷூமேக்கின் கட்டுரை பிரபலமாக்கிய ஸ்லெர்ப் என்னும் முறை, இரண்டு சுழற்சிகளுக்கும் இடையிலே, ஒரே அச்சைப் பற்றிச் சீரான வேகத்தில் செல்லும் பாதையை வகுத்துத் தருகிறது. ஒரே நிலைக்கு ஒன்றுக்கொன்று எதிர்க்குறியுள்ள இரண்டு குவாட்டர்னியன்கள் உண்டாதலால், குறியைப் பாராமல் சென்றால் 10 டிகிரியில் முடியும் பயணம் 350 டிகிரியாக நீளக்கூடும். எஞ்சின்கள் குறியைச் சோதித்துக் குறுக்கு வழியைத் தேர்ந்துகொள்கின்றன. இங்கே வழக்கமாக நேரும் ஒரு தவறைச் சுட்டிக்காட்ட வேண்டும். பொருளின் தற்போதைய நிலைக்கும் இலக்குக்கும் இடையே, ஒவ்வொரு பிரேமிலும் மிச்சமுள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கு செல்லும்படி ஸ்லெர்பை எழுதுகிறார்கள். வினாடிக்கு 30 பிரேம் காட்டும் கணினியில் ஒரு வினாடிக்குப் பின் நூற்றில் நான்கு பங்கு தூரம் மிச்சமிருக்கும். 60 பிரேம் காட்டும் கணினியில் ஆயிரத்தில் இரண்டு பங்கே மிச்சமிருக்கும். முன்பு கண்ட காலப்பிழையே வேறு உருவத்தில் இங்கு வந்திருக்கிறது. பீரங்கி சீரான வேகத்தில் திரும்ப வேண்டுமானால், இலக்கை நோக்கும் நிலையை லுக்ரொட்டேஷன் என்னும் கட்டளையால் பெற்று, ரொட்டேட்டுவர்ட்ஸ் என்னும் கட்டளையிடம் வினாடிக்கு இத்தனை டிகிரி என்னும் வேகத்தைக் கழிந்த காலத்தால் பெருக்கிக் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் விரைந்து முடிவில் தணிகின்ற நயம் வேண்டுமானால், பங்கின் அளவைக் கழிந்த காலத்திலிருந்து அடுக்குக்குறிச் சார்பால் கணிக்க வேண்டும்.

இவ்வளவு நுட்பம் ஒரு விளையாட்டுக்கு அவசியமா என்று கேட்போர் இருக்கலாம். தலையில் அணியும் மெய்நிகர் காட்சிக் கருவியை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். அக்கருவி, அணிந்தவர் தலை திரும்புவதை அளந்து, சுழற்சியாக மாற்றி, பெரும்பாலும் வினாடிக்கு 90 முறை அளவில் புதிய காட்சியைத் தீட்டுகிறது. அவ்வேகத்தில் ஒவ்வொரு காட்சிக்கும் கிடைப்பது ஏறத்தாழ 11 மில்லிவினாடி. கண் காணும் சுழற்சியும் உட்செவி உணரும் சுழற்சியும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால், ஆடுபவருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகின்றன. சாதாரணத் திரையிலும் கேமராவின் திடீர்த் துள்ளல் பலரை வருத்துகிறது. நாம் எழுதும் சுழற்சி மற்றொருவர் சரீரத்தில் அனுபவமாகிறது என்னும் உணர்வு நமக்கு இருக்குமானால், ஒருவாறு சரியாக வரும்வரை எண்களை மாற்றி மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை நாமே வெறுத்து ஒதுக்குவோம். அப்பழக்கத்தால் ஒரு கோலத்தில் சரியாகத் தோன்றுவது, மற்றொரு கோலத்தில் பிழையாகி, நாம் காணாத இடத்தில் ஆடுபவரைத் தாக்கும்.

ஆசிரியர்களிடம் நான் செய்துகொள்ளும் வேண்டுகோள், கட்டளைகளின் பெயர்களைக் கற்பிக்கும் முன்னர், வரிசை மாறினால் விளைவு மாறும் என்னும் ஒன்றை மாணவர் தம் கைகளாலேயே அறியும்படி செய்ய வேண்டும் என்பது. மாணவ நண்பர்களுக்கு நான் சொல்வது: சுழற்சி பற்றிய ஒரு வரியை எழுதும் முன், எந்த அச்சு, அது எவருடையது, எந்த வரிசையில், எவ்வளவு காலத்தில் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடையை வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். விடைகளை மாறிகளின் பெயர்களிலேயே பொறித்து வையுங்கள். வேகம் என்று மாத்திரம் பெயரிடாமல் வினாடிக்கு டிகிரி என்று பெயரிடுங்கள், அச்சு என்று மாத்திரம் எழுதாமல் உலக அச்சு என்றோ சொந்த அச்சு என்றோ எழுதுங்கள். எஞ்சின்கள் மாறும், கட்டளைகளின் பெயர்கள் மாறும், இன்று நீங்கள் பயிலும் மொழியே வழக்கொழியவும் கூடும். இந்த நான்கு வினாக்களோ எந்த எஞ்சினுக்கும் பொதுவானவை. அவற்றைக் கேட்கத் தெரிந்தவன் புதிய கருவி ஒன்றின் முன் அமர்ந்த அன்றே பொருளைத் தன் விருப்பப்படி சுழற்ற வல்லவனாவான். அந்த வல்லமை உங்கள் ஒவ்வொருவருக்கும் கைகூட வேண்டுமென்று வாழ்த்துகிறேன்.